பளபளத்த போத்தல்கள்

"நாம ஆசைப்பட்ட ரிசல்ட் வந்துச்சுன்னா பயப்படணும் அக்கா. ஆசைப்படாதது வந்தா நிம்மதி."

இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளிடமிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வரும். மூன்றாவது வரி "சாப்பிட்டீங்களா" என்று இருக்கும். முதல் இரண்டு வரியும் சுடும். ஒவ்வொரு மனிதருக்கும் கைப்பக்குவம் போல வாய்ப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது, நான் அதைப் பொறுக்கிச் சேர்க்கிறவள். அவளிடம் பொறுக்கியதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: எதையும் ஒரு தடவையில் நம்பக்கூடாது.

யூரோக் காசு வந்து கைக்குப் பழகிவிட்டிருந்த காலம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கீழ்த் தளத்தில் நான் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே நான்கு மாடி ஆராய்ச்சி. கீழே நான், இரண்டு பெரிய கழுவும் மெசின், ஒரு நீராவிப் பெட்டி. அழுக்குப் போத்தல்கள் லிஃப்டில் தள்ளுவண்டியோடு இறங்கி வரும், சுத்தமாக ஏறிப் போகும். மேலே இருக்கிறவர்கள் கீழே வருவதில்லை. குறை இருந்தால் துண்டுக் காகிதத்தில் எழுதி வண்டியில் ஒட்டிவிடுவார்கள்.

அவள் வந்து சேர்ந்த முதல் கிழமையே நேரில் இறங்கி வந்தாள். நான் அந்த நேரம் மெசினைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அக்கா, யாழ்ப்பாணமா?" என்றாள். மன்னார் என்றேன். அவள் விருதுநகர்ப் பக்கம். அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் கழுவுவதைப் பற்றித்தான். சோப்பு எது, குழாய்த் தண்ணீரில் எத்தனை தடவை, வடித்த தண்ணீரில் எத்தனை தடவை, எத்தனை பாகையில் காயவைப்பது. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். அந்தக் கட்டடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அவ்வளவு வருடத்தில், நான் என்ன செய்கிறேன் என்று ஒருவர் கேட்டு எழுதியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அவள் எனக்குப் 'பிள்ளை' ஆகிவிட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சி ஈஸ்ட்டில். கள்ளுக் கிடைக்காத இந்த நாட்டில் நாங்கள் அப்ப மாவுக்குப் போடுகிறோமே, அதே ஈஸ்ட். அதைப் பட்டினி போட்டு, அந்தப் பட்டினியில் எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பாள். ஏன் அதைப் போய் வதைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு என் மேல பாசம் கிடையாதுக்கா. அதனாலதான் அது சொல்றத நம்பலாம்" என்றாள்.

ஒருமுறை எங்கள் தேவாலயத் திருநாளுக்கு அவளைக் கூட்டிப்போனேன். பூசை முடிந்து சாப்பாட்டு மேசையில் ஒரு அக்கா, ஒன்பது நாள் செபத்தில் மகனுக்கு விசா கிடைத்த கதையைக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். இவள் சோற்றைப் பிசைந்தபடி, "அதே மாசத்துல செபம் பண்ணாம விசா கிடைச்சவங்க எத்தனை பேர் ஆன்ட்டி?" என்றாள். நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். வீடு வரும் வழியெல்லாம் பேசினேன். அவள் குழப்பத்தோடு, "தெரிஞ்சுக்கத்தானே கேட்டேன்" என்றாள். அது உண்மை. குத்துவதற்குக் கேட்கத் தெரியாதவள் அவள்.

எனக்கு இரத்த அழுத்தம் என்று டொக்டர் குளிசை எழுதியபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. யாரிடமோ அளக்கிற மெசின் கடன் வாங்கிக்கொண்டு இரண்டு கிழமை தினமும் மதியம் கீழே வந்தாள். உட்காரவைத்து, பேசவிடாமல் (அதுதான் பெரிய சித்திரவதை), மூன்று தடவை அளந்து எழுதினாள். கடைசியில் பார்த்தால், வேலைப் பொறுப்பாளர் வந்து போன நாட்களில் மட்டும் ஏறியிருந்தது. அந்தத் தாளோடு டொக்டரிடம் டெர்மின், அதாவது பார்க்கும் நேரம், எடுத்துப் போனேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்து, குளிசையைப் பாதியாக்கினார்.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது.

தூங்கிக் கிடக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு மரபணு, ஒரு குறிப்பிட்ட பட்டினியில் தானாக விழிக்கிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை செய்து பார்த்தே எழுதினாள். பெரிய சஞ்சிகை. முதலில் அவள் பெயர், கடைசியில் ஷெஃப் பெயர், அதாவது ஆராய்ச்சிக் குழுவின் தலைவரான பேராசிரியர். வேலை செய்தவர் பெயர் முதலில் வரும், அறைக்குச் சொந்தக்காரர் பெயர் கடைசியில் வரும், அதுதான் அவர்கள் வழக்கமாம். கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்தது. கட்டுரையில் எனக்கு விளங்கிய ஒரே வரி அதுதான். வாசித்து வாசித்துத் தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது.

அந்த உலகத்தின் கணக்கு எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. நீ என்ன கண்டுபிடித்தாய் என்று அங்கே முதலில் கேட்க மாட்டார்கள். உன் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம், அதில் ஓர் எண். கோப்பி குடிக்கும் அறையில் படித்த பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புள்ளி பார்ப்பதுபோல அதை ஒப்பிடுவார்கள். அவளுடைய எண் ஏறியது, நூறு, இருநூறு என்று. ஷெஃப் அந்த ஏறுகோட்டை அச்செடுத்துத் தன் கதவில் ஒட்டினார். வந்தவர் போனவருக்கெல்லாம் விரலால் தொட்டுக் காட்டுவார். அவரும் அதே எண்ணில்தானே ஏறுகிறார்.

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. "திங்கக்கிழமை மட்டும் பாப்பேன் அக்கா. தினம் பாத்தா கெட்ட பழக்கம்" என்றாள். திங்கள் காலையில் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

இந்த நாட்டில் ஆராய்ச்சிக்காரருக்குத் தற்காலிக ஒப்பந்தம்தான், அதற்கும் இத்தனை வருடம் என்று எல்லை. அவளுக்கு அந்த எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும். அந்த நேரம் பார்த்து அதே நிலையத்தில் ஒரு நிரந்தர இடம் வந்தது. தனக்கென்று ஓர் அறை, தனக்கென்று ஒரு குழு. தேர்வுக்குழு விண்ணப்பித்தவர்களின் கட்டுரைப் பட்டியல்களைப் பார்த்து எண்ணத் தொடங்கியது. அவள் பட்டியல் நீளமில்லை. ஆனால் அதில் அந்த ஒரு கட்டுரை தேரைப் போல நின்றது.

அப்போதுதான் டார்ம்ஸ்டாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் கட்டுரையில் சொன்னபடியே செய்கிறேன், மரபணு விழிக்கவில்லை, நான் எதைப் பிழையாகச் செய்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். ஷெஃப் அதை வாசித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கைத்திறன் இல்லை என்று முடித்துவிட்டார். இவளுக்கு முடியவில்லை. மறுபடி செய்தாள், விழித்தது. மறுபடி, விழித்தது. மூன்றாம் தடவையும் விழித்தது. மூன்று தடவை வந்தால் நம்பலாம் என்ற அவளுடைய சட்டப்படி அது உண்மையாகிவிட்டது. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

நான் அந்த இடைவெளியில் நான்கு கிழமை விடுமுறை எடுத்து, அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கு டொரண்டோ போனேன். என் இடத்தில் ஒரு தற்காலிகப் பெண் கழுவினாள். திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். பிள்ளை ஒரு நாள் மத்தியானம் கீழே இறங்கி வந்தாள். கையில் கொப்பி.

"அக்கா, நீங்க கனடா போன தேதியும் வந்த தேதியும் சொல்லுங்க."

சொன்னேன். கொப்பியைப் பார்த்தாள். நான் இல்லாத அந்த நான்கு கிழமையில் மட்டும் மரபணு விழிக்கவில்லை என்று அதில் இருந்தது.

"என் பாட்டில எப்படிக் கழுவுறீங்க? சொல்ல வேணாம். செஞ்சு காட்டுங்க."

எனக்கோ பெருமை. அவளுடைய போத்தல்களில் ஊதா நாடா ஒட்டியிருக்கும், அவற்றை நான் மற்றவர்களுடையதோடு கலப்பதே இல்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் கல்க் அதிகம், சுண்ணாம்பு. மெசினில் இருந்து வரும் கண்ணாடியில் வெள்ளை வளையம் விழும். மற்றவர்களுக்கு அது போதும். என் பிள்ளையின் போத்தல் அப்படிப் போகலாமா? வீட்டில் கேத்திலுக்குப் போடுகிற எலுமிச்சை அமிலத் தூளை என் காசில் வாங்கி வந்து, வாளியில் கரைத்து, அவளுடைய போத்தல்களை மட்டும் அதில் ஊறப் போடுவேன். எடுத்த பிறகு குழாய்த் தண்ணீர் காட்ட மாட்டேன், காட்டினால் திரும்பவும் வளையம் வந்துவிடும். வடித்த தண்ணீரில் ஒரேயொரு சுழற்று. அவ்வளவுதான். பளிங்கு மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒன்றைக் காட்டினேன்.

"பாருங்கோ பிள்ளை. உங்கடை போத்தல் மாதிரி இந்தக் கட்டடத்திலை ஒருத்தற்றையும் மினுங்காது."

அவள் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமாக்கா?"

"நீங்கள் வந்து ரெண்டாம் மாதத்திலை இருந்து."

"முதல் வாரம் வந்து கேட்டேன். எழுதிக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவை கூடக் கேக்கல." என்னிடம் சொல்லவில்லை, கொப்பியிடம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "பட்டினில இல்லக்கா. எலுமிச்சைல முழிச்சிருக்கு" என்றாள்.

போத்தலின் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் துளி அமிலம்தான் ஈஸ்ட்டை எழுப்பியிருக்கிறது. முப்பது தடவையும் அதே போத்தல், அதே என் கை. அழுதேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு, அந்த வாளித் தண்ணீரில் ஒரு குப்பி எடுத்துக்கொண்டு மேலே போனாள். அடுத்த பத்து நாளும் ஒழுங்காகக் கழுவிய போத்தலில், வேண்டுமென்றே எலுமிச்சை போட்ட போத்தலில் என்று மாற்றி மாற்றிச் செய்து உறுதிப்படுத்தினாள். பிறகுதான் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று ஷெஃப்பிடம் போனாள்.

ஷெஃப் சத்தம் போடவில்லை என்று சொன்னாள். அதுதான் எனக்கு ஆத்திரம். கதவைச் சாத்திவிட்டுத் தன்மையாகப் பேசினாராம். தேர்வுக்குழு முடிவு சொல்ல இன்னும் இரண்டு மாதம்தானே, அவசரம் என்ன, அதன் பிறகு ஒரு சின்னத் திருத்தம் அனுப்பலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று.

உண்மையைச் சொல்லவேண்டும்: நானும் அதைத்தான் சொன்னேன். என்னால் அவள் வாழ்க்கை கெடுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"ரெண்டு மாதம் பொறுங்கோ பிள்ளை. வேலை கையிலை வரட்டும். பிறகு எதை வேணுமெண்டாலும் திரும்ப எடுங்கோ."

"அக்கா, டார்ம்ஸ்டாட்ல அந்தப் பொண்ணு ஒன்றரை வருஷமா என் பொய்ய நிரூபிக்கப் பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கும் கான்ட்ராக்ட் ஓடுதுல்ல?"

"அது பொய்யில்லை, பிழை."

"நேத்து வரைக்கும் பிழை. நான் இன்னைக்கு வாய மூடினா, இன்னைலருந்து பொய்."

அன்றைக்கே டார்ம்ஸ்டாட் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, வேலையை நிறுத்தச் சொன்னாள். அடுத்த நாள் சஞ்சிகைக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற குறிப்பு அச்சில் வந்தபோது எனக்கு ஒரு பிரதி கொண்டுவந்து தந்தாள். வீட்டில் என் மகள் வாசித்துக் காட்டினாள். கண்ணாடிப் பாத்திரங்களில் எஞ்சிய சிட்ரிக் அமிலம் காரணம் என்றும், அதைச் சரிபார்க்காதது முதல் ஆசிரியரின் தவறு என்றும் இருந்தது. அதன் கீழே ஷெஃப் சேர்க்கச் சொன்ன ஒரு வாக்கியம்: பரிசோதனைகள் அனைத்தையும் முதல் ஆசிரியர் தனியாகவே செய்தார். ஏறும்போது கதவில் ஒட்டியவர், இறங்கும்போது 'தனியாகவே' என்று எழுதுகிறார். அந்தச் சொல்லைக் கேட்டபோது என் இரத்த அழுத்தம் எத்தனை என்று அவள்தான் அளந்திருக்கவேண்டும்.

அவள் மேலும் எனக்குக் கோபம்தான். இந்தக் குறிப்பில் என் பெயர் எங்கேயும் இல்லை. அவள் மேசைக்கே ஏறிப்போய்க் கேட்டேன்.

"நன்றி சொல்லேக்கை என்ரை பேர் வந்தது. பிழை வரேக்கை ஏன் வரேல்லை? நான் என்ன, புகழுக்கு மட்டும் உள்ள ஆளோ?"

"உங்களுக்கு வேலை போயிடும் அக்கா."

"போகட்டும். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலை அகதியா வந்து இறங்கேக்கை நான் வேலையோடை வந்தனானோ?"

அவள் சிரித்தாள். பிறகு, "பாட்டில் உங்க கையில இருந்துச்சு. பரிசோதனை என் மேஜைல இருந்துச்சு. என் மேஜைக்கு நான்தான் பதில்" என்றாள். அதற்கு மேல் அவளோடு வாதாட ஏலாது.

நான் விடவில்லை. ஷெஃப்பின் அறைக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அந்தக் கதவை நான் துடைத்ததுகூட இல்லை. போத்தல் கழுவியது நான், என்னை விசாரியுங்கள் என்று என் ஜேர்மன் மொழியில் சொன்னேன். உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை, அமைதியாக வேலையைப் பாருங்கள், இது உங்கள் மட்டத்து விஷயமில்லை என்றார், மிகவும் அன்பாக. என் மட்டத்திலிருந்து ஒரு துளி அமிலம் அவருடைய நாலாம் மாடி வரை ஏறியிருக்கிறது. ஒரு சொல் ஏற ஏலாதாம்.

தேர்வுக்குழு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. அவரைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, போத்தலைக் கழுவி அனுப்புகிற மனிதர். ஆனால் குழு இவளுக்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: வெளியீட்டுப் பட்டியல் போதிய கனமில்லை. ஒரு கட்டுரை குறைந்துவிட்டதல்லவா. சொந்தத் தேரைத் தானே இழுத்துத் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காப்பாற்றினாளே, அதற்கு அவர்கள் படிவத்தில் எந்தப் பெட்டியிலும் இடமில்லை. எண்ணத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, எண்ண வேண்டியதை எண்ணாமல் எழும்பிப் போனார்கள்.

விசா முடிவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். ஹைதராபாத்தில் மருந்து பரிசோதிக்கும் ஒரு கம்பனியில் வேலை. அங்கே அவள் பெயரில் கட்டுரை ஒன்றும் வருவதில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நானும் ஆறியிருப்பேன். ஒரு நாள் மகள் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். திரும்பப் பெற்று இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பழைய கட்டுரையின் எண் ஏறிக்கொண்டிருந்தது. குறிப்பை ஒருவரும் வாசிக்கவில்லை. ஒருவர் காட்டியதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த எண் ஷெஃப்பின் பட்டியலில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அவளைக் கேட்டால், நான் அறிவித்துவிட்டேன், அதற்கு மேல் என்ன செய்வது என்கிறாள்.

அவளுக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று மகள் எடுத்துத் தருவாள். ஒவ்வொருவருக்கும் நான் கடிதம் எழுதுகிறேன். ஜேர்மன்காரருக்கு ஜேர்மனில், மற்றவர்களுக்கு மகள் ஆங்கிலமாக்குவாள். நீங்கள் குறிப்பிட்ட கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, தயவுசெய்து பாருங்கள் என்று இரண்டு வரி. பெரும்பாலானவர்கள் பதில் போடுவதில்லை. சிலர் நன்றி என்கிறார்கள். வடக்கே ஒரு பேராசிரியர் மட்டும், தாங்கள் எந்தப் பதவியிலிருந்து இதை எனக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

அவருக்கு மகளின் உதவி இல்லாமல் நானே எழுதினேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

"மதிப்புக்குரிய ஐயா, அந்தப் போத்தல்களைக் கழுவியது நான். பிழை என் கையால் வந்தது. அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவள் அவள். சொன்னதற்காக வேலையை இழந்தவளும் அவள்தான். பழைய கட்டுரையை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவளுடைய பெயரை எங்காவது காட்டத்தான் வேண்டுமென்றால், அவள் அதைத் திரும்பப் பெற்ற குறிப்பைக் காட்டுங்கள். அதை இன்னும் ஒருவர்கூட மேற்கோள் காட்டவில்லை."